உருவப்படமும் பச்சை குத்துதலும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் எழுபது வயதைக் கடந்த பெண்கள் பலரின் முன்கையில் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் சில புள்ளிகளோ, ஒரு கோலமோ, தேளோ, பெயரோ இருப்பதைக் காணலாம். அதே வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தாத்தாவின் முகம் சந்தனப் பொட்டோடு தொங்கும். பேரன் கையிலோ இப்போது இறந்துபோன அம்மாவின் முகம் பச்சையாகக் குத்தப்பட்டிருக்கிறது. முகத்தை வரைவது ஒரு தொழில், தோலில் குறியிடுவது வேறொரு தொழில் என்று நெடுங்காலம் தனித்தனியே நடந்துவந்தன. அவை எவ்வாறு ஒன்று சேர்ந்தன, சேர்ந்தபோது எது மாறியது, எது மறைந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முகமும் பெயரும்

இவ்வட்டாரத்தில் மனித உருவம் வரையப்பட்ட வரலாறு மிகப் பழையது. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியில் உள்ள கீழ்வாலையின் பாறைகளில் செங்காவி நிறத்தில் மனித உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. ஒருவர் விலங்கின் மேல் அமர்ந்திருக்க, மற்றொருவர் அதை நடத்திச் செல்கிறார். உடலும் கைகால்களும் தெளிவாக உள்ளன. முகமோ பறவையின் அலகு போல நீண்டிருக்கிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள செத்தவரைப் பாறை ஓவியங்களில் விலங்குகளும் கை அச்சுகளும் உண்டு. இவர் இன்னார் என்று காட்டும் முகம் எங்கும் இல்லை. வரைந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை போலும்.

முகத்தின் அழகு இங்கே முதலில் தெரிவது பனைமலையில்தான். பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் நடனத்தைப் பார்க்கும் உமையின் ஓவியம் உள்ளது. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. ஆனாலும் சாய்ந்த தலையும் பாதி மூடிய கண்ணும் இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடும். பள்ளிச் சுற்றுலாவுக்கு மாமல்லபுரம் வரை செல்லும் நம் மாவட்டப் பள்ளிகள் பனைமலையையும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பனைமலை உமை அழகிய முகம்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உருவப்படம் அன்று. உருவப்படம் என்றால் என்ன என்பதற்கு மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் நல்ல சான்று உண்டு. அங்கே இரண்டு அரசர்கள் தத்தம் தேவியரோடு புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். சிங்கவிஷ்ணு, மகேந்திரன் என்று மேலே எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. எந்தச் சிங்கவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முகத்தை மட்டும் வைத்து அவர்களை அடையாளம் காண முடியாது. மேலே உள்ள பெயர்தான் அதை உருவப்படம் ஆக்குகிறது. செஞ்சி வழியிலுள்ள மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் குடைந்ததாகக் கல்வெட்டு வெட்டிய முதலாம் மகேந்திரவர்மனுக்குச் சித்திரகாரப்புலி என்ற விருதுப்பெயரும் உண்டு. ஓவியருக்குள் புலி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசனின் முகமே நமக்கு உறுதியாகத் தெரியவில்லை.

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், கண்ணாடியில் தெரிவது போல உள்ளபடியே வரைந்த படத்தை வித்த சித்திரம் என்கிறது. வித்தம் என்ற சொல்லுக்குத் துளைக்கப்பட்டது, குத்தப்பட்டது என்பது நேர்ப்பொருள். ஊசிக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. இருந்தாலும் இந்தத் தலைப்பில் எழுதும்போது அதைக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.

பச்சை என்ற சொல்

தோலில் குறியிடுவதைத் தமிழில் பச்சை குத்துதல் என்கிறோம். தெலுங்கில் பச்சபொட்டு, மலையாளத்தில் பச்சகுத்து, கன்னடத்தில் ஹச்செ. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிவது இயல்பு என்பதால் அதுவும் நம் பச்சைதான். சிங்களத்திலும் பச்ச என்றே வழங்குகிறது. டாட்டூ என்பது பசிபிக் தீவு மொழிகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் கடற்பயணிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நமக்கு அதற்கு முன்பே சொல்லும் இருந்தது, தொழிலும் இருந்தது.

மை கருப்பு, பெயர் மட்டும் ஏன் பச்சை? விளக்குக் கரியின் துகள்கள் மேல்தோலுக்கு அடியில் உள்ள உட்தோலில் தங்குகின்றன. வெளிச்சம் மேல்தோலைக் கடந்துபோய்த் திரும்பும்போது நீலப்பகுதி அதிகமாகச் சிதறுவதால் கருமை நமக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. மையில் பச்சிலை சேர்த்ததும் பெயருக்குத் துணை செய்திருக்கலாம். அந்தத் துகள்களை உடலின் காப்பு அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு இறந்தால் அது விட்ட துகளைப் புதிய அணு ஏற்றுக்கொள்கிறது என்று பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் எலிகளைக் கொண்டு காட்டினார்கள். பச்சை அழியாமல் இருப்பதற்கு உடலே கைமாற்றிக் கைமாற்றிக் காப்பதுதான் காரணம்.

குத்தியவர்களும் குத்திக்கொண்டவர்களும்

பச்சை குத்துவது பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்களின் தொழிலாக இருந்தது. இவர்களை ஊசிமணி, பாசிமணி விற்கும் நரிக்குறவரோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இரு சமூகங்களும் வேறு, மொழியும் வேறு. அறுவடை முடிந்து கையில் நெல் இருக்கும் காலத்தில் இப்பெண்கள் ஊர் ஊராக வருவார்கள். கூலி நெல்லாகவும் வெற்றிலை பாக்காகவும் பழந்துணியாகவும் கிடைக்கும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் இத்தொழிலைப் பற்றிக் குறிப்புகள் எழுதியுள்ளார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை தயார். சேர்த்துக் கட்டிய சில ஊசிகளால் குத்தி, பிறகு மஞ்சள் தடவுவார்கள். வலி தெரியாமல் இருக்கக் குத்தும் பெண் பாட்டுப் பாடுவாள். படத்தை அச்செடுத்து ஒட்டும் வழக்கம் கிடையாது. குச்சியால் மையைத் தொட்டுத் தோலின் மேல் வடிவத்தை நேராக வரைந்துகொள்வார்கள். பல கோலங்கள் மனப்பாடம். பத்து வயதுப் பெண்ணின் மெலிந்த கையிலும் அந்தக் கோலம் சிதையாமல் அமைய வேண்டும். வடிவக் கணிதம் நடத்தும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய திறமை இது.

என்னென்ன குத்தினார்கள்? புள்ளிக் கோலம், தேர், தாமரை, மயில், தேள், சூலம், கணவன் அல்லது உடன்பிறந்தான் பெயர். நகை எல்லாம் கழற்றப்பட்டுவிடும், பச்சை மட்டுமே கூட வரும் என்று பாட்டிகள் சொல்வார்கள். வறுமையில் வாழ்ந்த பெண்ணுக்கு யாராலும் அடகு வைக்க முடியாத அணி அது. வாசலில் போடும் கோட்டைக் கோலம் போன்ற சுற்றுப்பாதை வடிவங்கள் பச்சையிலும் இருந்தன. ஜான் லேயார்டு என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1937இல் தென்னிந்திய வாசற்கோலத்தையும் பச்சைக் கோலத்தையும் ஒப்பிட்டு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் கடலின் மலேகுலா தீவில், இறந்தவர் மறுமைக்குப் போகும் வழியில் பாதி அழிந்த கோலத்தை நிறைவு செய்ய வேண்டும் என்றொரு நம்பிக்கை உண்டு. நம் கோலமும் அத்தகைய பயணத்தோடு தொடர்புடையது என்பது அவர் கருத்து. அவ்வளவு தொலைவிலுள்ள இரண்டை இணைப்பது துணிச்சலான ஊகம்தான். ஆனாலும் "கூட வருவது" என்று நம் பாட்டிகள் சொன்னதை நினைத்தால் முழுவதும் தள்ளிவிடவும் முடியவில்லை.

பெயர்ப் பச்சையில் ஒரு வேடிக்கை உண்டு. கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில் அதே பெயர் மனைவியின் கையில் எழுதியிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் பெயர் கேட்டால் கையை நீட்டிக் காட்டிய பெண்கள் இருந்தார்கள். குத்துபவருக்கும் குத்திக்கொள்பவருக்கும் எழுத்துத் தெரியாதபோது கொம்பு இடம் மாறும், றகரம் ரகரமாகும். பல ஆண்டுகள் சிவப்பு மையால் பிழை திருத்திய எனக்கு, திருத்தவே முடியாத அந்தப் பிழைகளைப் பார்க்கும்போது கோபம் வந்ததில்லை.

தோலில் குறியிடுவது அணியாக மட்டும் இருக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் விதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்தில் கொண்டுவந்தது. அது 1849இல் கைவிடப்பட்டது. பின்னர் அடையாளம் காட்டும் வேலை புகைப்படத்துக்கும் கைரேகைக்கும் போனது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, குறவர் குழுக்கள் பல அதன் கீழ் அறிவிக்கப்பட்டன. ஊர் விட்டு ஊர் போகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற நிலை, ஊர் சுற்றிப் பிழைத்தவர்களுக்கு எவ்வளவு இடையூறாக இருந்திருக்கும்! சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது.

சுவரில் தொங்கிய முகம்

மறுபுறம், முகம் வரையும் தொழிலும் மாறிக்கொண்டிருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியும், இரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களும் அவற்றின் அச்சுப்படங்களும் ஒளியும் நிழலும் கொண்ட முகத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் படங்கள் நாள்காட்டிகளில் அச்சாகி எல்லா ஊர்களுக்கும் போயின.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் பெயர்ப்பலகையும் கட்சிச் சுவரெழுத்தும் எழுதிய ஓவியர்களே உருவப்படமும் வரைந்தார்கள். சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவார்கள். முதலில் எல்லைக்கோடு, அடுத்து இருண்ட பகுதி, பின் நடுத்தர நிறம். மூக்கு நுனியிலும் கண்மணியிலும் வைக்கும் வெள்ளைப் புள்ளிதான் கடைசி. அதை வைத்த நொடியில் படம் பார்க்கத் தொடங்கும். சிற்பிகள் கண் திறத்தல் என்று சொல்வதும் இதுதான்.

கண் திறத்தல் சில வீடுகளில் உண்மையிலேயே தேவைப்பட்டது. உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சத்தாலும் செலவாலும், பல பெரியவர்களுக்கு முதல் புகைப்படமே இறந்த அன்று நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்ததாக இருந்தது. கண் மூடிய அந்தப் படத்தைக் கொடுத்து, கண் திறந்திருப்பது போல வரையச் சொல்வார்கள். ஓவியர் மகனின் கண்ணைப் பார்த்துத் தந்தையின் கண்ணை எழுதுவார். ஒத்துவராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். எண்ணெய் வண்ணம் அதற்கு இடம் கொடுக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் கணினியும் பிளெக்ஸ் அச்சும் வந்தன. கையால் எழுதிய பதாகைகள் சில ஆண்டுகளில் தெருவிலிருந்து மறைந்தன. அந்த ஓவியர்களில் சிலர் பள்ளிச் சுவருக்கும் கோயில் விமானத்துக்கும் வண்ணம் அடிக்கப் போனார்கள்.

யாரும் காணாத முகத்தை வரைவது இதனினும் கடினம். திருவள்ளுவரின் உருவத்தைக் கே. ஆர். வேணுகோபால் சர்மா குறளையே ஆதாரமாகக் கொண்டு பல ஆண்டுகள் முயன்று அமைத்தார். 1960இல் வள்ளுவர் அஞ்சல்தலை வந்தது. 1964இல் அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் சட்டமன்றத்தில் படத்தைத் திறந்து வைத்தார். இன்று பேருந்திலும் வகுப்பறையிலும் நாம் காணும் வள்ளுவர் அவர்தான். பாரதியின் நிலை வேறு, புகைப்படங்கள் உண்டு. 1932 சனவரி 26 அன்று சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைக் கட்டிய ஆர்யா என்கிற கே. பாஷ்யம் வரைந்த பாரதி படம் பலரும் அறிந்தது.

முகம் கைக்கு வந்த வழி

தாமஸ் எடிசனின் மின்பேனாவை அடிப்படையாகக் கொண்டு நியூயார்க்கின் சாமுவேல் ஓரெய்லி 1891இல் பச்சை குத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நம் திருவிழாக் கடைகளுக்கு வந்த மின்கலக் கருவி அதன் வழிவந்ததே. அந்தக் கடைகளில் பாம்பு, இதயம், வேல் ஆகியவற்றை வரைந்த அட்டை தொங்கும். விரலால் காட்டினால் சில நிமிடங்களில் கையில் ஏறிவிடும். பாட்டும் மஞ்சளும் போயின. குத்துபவரும் பெரும்பாலும் ஆணாகிவிட்டார்.

முகம் வந்ததில் அரசியலுக்கும் பங்கு உண்டு. 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., அந்த எழுபதுகளிலேயே தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பும் எழுந்தது. அந்தக் கொடியில் கையை நீட்டி நிற்கும் அண்ணாவின் உருவம் உண்டு. அந்த அளவில் மூக்கும் கண்ணும் தெரியாது. நீட்டிய கை ஒன்றே போதும், அண்ணா என்று யாரும் சொல்லிவிடுவார்கள். 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் அவர் முகத்தையே குத்திக்கொண்டார்கள். கொடியிலிருந்து முகத்துக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இப்போது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இளைஞர்கள் பெரும்பாலும் கொண்டு வருவது கைப்பேசியில் உள்ள அம்மா, அப்பா படம். கூடத்தில் தொங்கிய சட்டத்தின் வேலையைத் தோல் ஏற்றுக்கொண்டது. வேலை தேடி ஊர் ஊராக அறை மாறுபவனுக்கு ஆணி அடிக்கச் சொந்தச் சுவர் ஏது?

தோலின் விதிகள்

ஓவியம் கற்றவர் பச்சை குத்த வந்தால் முதலில் மறக்க வேண்டியது வெள்ளை நிறத்தை. கடைசியில் வெள்ளைப் புள்ளி வைத்துக் கண் திறக்கும் பழக்கம் இங்கே உதவாது. நம்மவரின் மாநிறத் தோலில் வெள்ளை மை சில ஆண்டுகளில் மஞ்சளாக மங்கிவிடும். ஒளி விழும் இடத்தை ஊசி தொடாமல் விட்டுவிட வேண்டும். தோலின் நிறமே அங்கு வெளிச்சம். நீர்வண்ண ஓவியர் காகிதத்தை வெறுமையாக விடுவது போன்ற முறை இது. துணி அசையாது, தோல் மூச்சோடு அசையும், இழுத்தால் நீளும், வலித்தால் சுருங்கும். ஊசி இறங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். அதற்கு மேல் போனால் மை பரவிக் கோடு தடிக்கும். சரியாகக் குத்தினாலும் ஆண்டுகள் போகப்போகக் கோடுகள் சற்றே அகலும். உள்ளங்கையை விடச் சிறிய முகத்தில் நுட்பமான நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும்.

பாரதி, பெரியார், அம்பேத்கர், எம்.ஜி.ஆர். ஆகியோர் கைகளில் நன்றாக நிற்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைப்பாகையும் மீசையும், வெண்தாடி, வட்டக் கண்ணாடி, தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் என நாலு கோட்டில் அவர்களைச் சொல்லிவிடலாம். 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டுத் திடலில் பெரியார், காமராசர், அம்பேத்கர், வேலுநாச்சியார், அஞ்சலையம்மாள் ஆகியோரின் மிகப்பெரிய உருவங்களை நிறுத்தியிருந்தார்கள். அத்தனை பெரிய அளவில் எந்த முகமும் நிற்கும். முன்கையில் நிற்பதற்கு முகம் ஒரு குறியாக மாற வேண்டும். அம்மாவின் முகத்துக்குத் தாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. அதனால்தான் வீட்டு மனிதர் முகமே மிகக் கடினம். தேர்ந்தவர்கள் படத்தின் கீழே பெயரும் எழுதிவிடுகிறார்கள். ஆதிவராகக் குகையின் சிற்பியும் அதைத்தான் செய்தான்.

குறவர் பெண்கள் முகம் குத்தாததைத் திறமைக் குறைவாகக் கருதக் கூடாது. அவர்கள் குத்திய புள்ளியும் கோடும் அறுபது ஆண்டு கழித்தும், தோல் சுருங்கிய பிறகும் படிக்க முடிகிறது. கோடு அகலும் என்று தெரிந்தே இடைவெளி விட்டுக் குத்தினார்கள்.

மாணவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை வைரசும் எச்.ஐ.வி.யும் பரவலாம். பச்சை குத்திய பின் ஓராண்டு குருதிக்கொடை தர இயலாது. இராணுவத்தில் சேர விரும்புவோர் முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் நிலையான பச்சை இருந்தால் தகுதி இழக்க நேரிடும். பழங்குடியினருக்கு மட்டும் வழக்கத்தின்படி விலக்கு உண்டு.

இனி எஞ்சியிருப்பது பாட்டிமார் கைகளில் உள்ளவை. அவை அருங்காட்சியகத்துக்குப் போக முடியாதவை. ஒவ்வொன்றும் ஒருநாள் எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். ஊருக்குப் போகும் மாணவர்கள் பாட்டியிடம் அனுமதி கேட்டு, பகல் வெளிச்சத்தில் கையருகே அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுக்கலாம். கோலத்தின் பெயரைப் பாட்டி சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வயதில், எந்த ஊரில், யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டார், கூலி என்ன கொடுத்தார்கள் என்று கேட்கலாம். குத்திய பெண்ணின் பெயரையும் கேளுங்கள். சில பாட்டிகளுக்கு அது நினைவிருக்கிறது.